ரிஸ்க் கட்டணம் கட்டினால் இன்சூரன்ஸ் ஆகிவிடுமா?

வாசகர் கேள்வி: சிறிய பட்டறை வைத்து பீங்கான் மேசை விளக்குகளும் சுவரில் மாட்டும் தட்டுகளும் செய்து விற்கிறேன். சொந்த வண்டி கிடையாது. சில்லறை ஆர்டர்கள் கூரியரில் போகும், கடைகளுக்கான மொத்தச் சரக்கு லாரி பார்சலில் போகும். போன வாரம் ஒரு கடைக்கு 40 பெட்டி அனுப்பினேன். வெளியே எந்தச் சேதமும் தெரியாததால் கடையில் இருந்தவர் ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் 11 பெட்டிகளில் உடைசல். லாரி ரசீதில் ‘ரிஸ்க் கட்டணம்’ என்று தனியாக ஒரு தொகை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் கேட்டால் எடைக் கணக்கில் சொற்பத் தொகைதான் தருவோம் என்கிறார்கள். நான் கட்டியது இன்சூரன்ஸ் இல்லையா? இனி ஒவ்வொரு பார்சலுக்கும் தனியாகப் பாலிசி எடுக்க வேண்டுமா? அடுத்த மாதம் முதல்முறையாகக் கப்பலில் ஒரு ஆர்டர் போகிறது. வாங்குபவர் எஃப்.ஓ.பி. என்ற விற்பனை நிபந்தனையில் வேண்டும் என்கிறார். அதற்கு என்ன செய்வது?

சரக்குச் சேத சர்வேயரின் பதில்:

முதலில் கையில் இருக்கும் உடைசலைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதற்குக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றே லாரி நிறுவனத்துக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். ரசீது எண், தேதி, எத்தனை பெட்டி, எத்தனையில் சேதம், உத்தேச மதிப்பு, ‘உங்கள் பொறுப்பில் இருந்தபோது ஏற்பட்ட சேதத்துக்கு உங்களைப் பொறுப்பாளியாக்குகிறோம், நேரில் வந்து பார்வையிடவும்’ என்ற வரி, இவ்வளவு போதும். போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது. வெளியே தெரியாத சேதத்தை எத்தனை நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது வழிக்கு வழி மாறும். கப்பல் சரக்குக்கு ஹேக்–விஸ்பி விதிகளின்படி 3 நாள். நாடு விட்டு நாடு போகும் லாரிகளுக்கான சி.எம்.ஆர். ஒப்பந்தத்தில், ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக, 7 நாள். விமானச் சரக்குக்கு மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் 14 நாள். உங்களுடையது உள்ளூர் லாரி என்பதால் உள்நாட்டுச் சட்டமும் ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தும்தான் பேசும். அந்தப் பொடி எழுத்தை இன்றைக்காவது படியுங்கள்.

கடைக்காரர் போட்ட கையெழுத்து உங்கள் வழக்கைக் கொன்றுவிடவில்லை. ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலைக்கு வந்துவிட்டது. உடைசல் லாரியில் நடந்ததா, கடைக்குள் அந்த இரண்டு நாளில் நடந்ததா என்று அவர்கள் கேட்பார்கள். அதனால் உடைந்த துண்டுகளையும் பெட்டிகளையும் உள்ளே வைத்திருந்த மெத்தைப் பொருளையும் அப்படியே வைக்கச் சொல்லுங்கள். எடையைத் தாங்காமல் அமுங்கிய பெட்டி வேறு மாதிரி இருக்கும், கீழே போட்டதால் மூலை நசுங்கிய பெட்டி வேறு மாதிரி இருக்கும். துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு அழைப்பவர்களுக்கு என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை.

சரி, ரிஸ்க் கட்டணம். அந்த வரிக்குப் பின்னால் மூன்றில் ஏதோ ஒன்று இருக்கலாம். ஒன்று, வெறும் கையாளும் கூலிக்கு வைத்த இன்னொரு பெயர். இரண்டு, நீங்கள் சரக்கின் மதிப்பை அறிவித்து, அதற்குக் கூடுதல் கட்டணம் கட்டி, லாரிக்காரரின் பொறுப்பு வரம்பை உயர்த்திக்கொண்டது. மூன்று, அவர்கள் ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் எடுத்த பாலிசியில் உங்கள் சரக்கையும் சேர்த்துவிட்டது. மூன்றாவது மட்டும்தான் இன்சூரன்ஸ். எது என்று தெரிந்துகொள்ள அவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘என் பெயர் போட்ட காப்பீட்டுச் சான்றிதழ் எங்கே, அதன் எண் என்ன?’ எண் வரவில்லை என்றால் பாலிசி இல்லை. ‘எங்கள் எல்லா வண்டிக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது’ என்று பதில் வந்தால் அது அவர்களுடைய பொறுப்பைக் காப்பாற்றும் பாலிசி. அவர்கள் சட்டப்படி உங்களுக்கு எவ்வளவு தரக் கடமைப்பட்டவர்களோ அவ்வளவுக்குத்தான் அது பேசும். கூடவே ரசீதில் ‘உரிமையாளர் ரிஸ்க்கில்’ என்று முத்திரை குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரிஸ்க் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு அந்த முத்திரையையும் குத்திய ரசீதுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டிப் பேரம் பேசலாம்.

இரண்டாவது வகை, அதாவது மதிப்பு அறிவிப்பு, பயனற்றது இல்லை. ஆனால் அதிலும் பணம் கிடைக்க, தவறு அவர்களுடையது என்றாக வேண்டும், அவர்களுக்கு விலக்குகளும் உண்டு. ஹேக்–விஸ்பி விதிகளில் கப்பல்காரர் தப்பிக்க 17 காரணங்கள் பட்டியலாகவே இருக்கின்றன. மாலுமி கப்பலை ஓட்டுவதில் செய்த பிழைகூட அதில் ஒரு விலக்கு. புயல், கடல் ஆபத்து, போதாத பேக்கிங் எல்லாம் அதே பட்டியலில்தான். சரக்குக் காப்பீடு யார் தவறு என்று பார்ப்பதில்லை. பாலிசியில் சொன்ன காலத்துக்குள், விலக்கில் இல்லாத ஏதோ ஒன்றால் சேதம் வந்தது என்று காட்டினால் போதும். லாரிக்காரரைத் துரத்துவது அதன் பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் வேலை.

விலக்கு எதுவும் பொருந்தாமல் போனாலும் வரம்பு குறுக்கே நிற்கும். இந்த வரம்புகளை எஸ்.டி.ஆர். கணக்கில் சொல்வார்கள், அதாவது சர்வதேச நாணய நிதியம் சில பெரிய நாணயங்களைச் சேர்த்து வைத்திருக்கும் கணக்கு அலகு. விமானச் சரக்கில் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (2024 டிசம்பர் 28-க்கு முன் 22). சி.எம்.ஆர். லாரியில் கிலோவுக்கு 8.33. ஹேக்–விஸ்பியில் ஒரு பொதிக்கு 666.67 அல்லது கிலோவுக்கு 2, எது அதிகமோ அது. இரும்புக் கம்பி அனுப்புகிறவருக்கு எடைக் கணக்கு பரவாயில்லை. உங்கள் தட்டு எடையில் கொஞ்சம், மதிப்பு முழுக்க வேலைப்பாட்டில். எடைக் கணக்கு எப்போதும் உங்களுக்கு எதிராகத்தான் போகும்.

கப்பலில் அந்தப் ‘பொதி’ என்ற கணக்கை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். 40 பெட்டிகளை ஒரே பேலட்டில் (சரக்கை அடுக்கித் தூக்கும் மேடை) கட்டி, மொத்த எடை 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பில் ஆஃப் லேடிங்கில், அதாவது கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதில், ‘1 பேலட்’ என்று எழுதினால் அது ஒரே பொதி. பொதிக் கணக்கில் 666.67, எடைக் கணக்கில் 1,200, ஆக உச்சவரம்பு 1,200 எஸ்.டி.ஆர். அதே சரக்கை ‘1 பேலட்டில் 40 அட்டைப் பெட்டிகள்’ என்று எழுதினால் 40 பொதி, உச்சவரம்பு 26,600-க்கு மேல். ஒரு வரி எழுதுவதில் இருபது மடங்குக்கும் மேல் வித்தியாசம். கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்துதரும் உங்கள் ஃபார்வர்டரிடம் அதன் வரைவை முன்கூட்டியே கேட்டு வாங்கி இந்த வரியைச் சரிபாருங்கள்.

அடுத்து, எஃப்.ஓ.பி. பாலிசி எடுக்கும் முன் தீர்க்க வேண்டிய கேள்வி, எந்த இடம் வரை நஷ்டம் உங்களுடையது என்பதுதான். எஃப்.ஓ.பி.யில் சரக்கு கப்பலில் ஏற்றப்படும் வரை ரிஸ்க் உங்களுடையது, ஏறிய பிறகு வாங்குபவருடையது. வாங்குபவர் ‘நான் பாலிசி எடுத்துவிட்டேன், கவலைப்படாதீர்கள்’ என்பார். அவருடைய பாலிசி பெரும்பாலும் அவருக்கு ரிஸ்க் வந்த பிறகுதான் பேசத் தொடங்கும். பட்டறையிலிருந்து துறைமுகம் வரையிலான லாரிப் பயணம், கன்டெய்னர் முனையத்தில் காத்துக் கிடக்கும் நாட்கள், ஏற்றும் வேலை, எல்லாம் உங்கள் தலையில். பீங்கானுக்கு இந்தப் பகுதிதான் கடல் பயணத்தைவிட ஆபத்தானது என்பது என் அபிப்பிராயம். கன்டெய்னரில் போகும் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருத்தமான விதியும் இல்லை. முனையத்தில் ஒப்படைத்த பிறகு கன்டெய்னர் உங்கள் கண்ணில் படாது, ஆனாலும் ரிஸ்க் மட்டும் உங்களிடமே தொங்கிக்கொண்டிருக்கும். எஃப்.சி.ஏ. என்று மாற்றக் கேளுங்கள். அதில், குறித்த இடத்தில் கேரியரிடம், அதாவது சரக்கைக் கொண்டுசெல்பவரிடம், ஒப்படைத்ததுமே ரிஸ்க் மாறிவிடும். அவர் மறுத்தால் பட்டறை முதல் கப்பல் ஏறும் வரைக்கு நீங்கள் ஒரு பாலிசி எடுங்கள்.

பணம் எப்போது வரும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். முழுத் தொகையும் முன்னாலேயே வந்துவிட்டால் சரி. சரக்கு போய்ச் சேர்ந்து இத்தனை நாள் கழித்துப் பணம் என்றால், வழியில் சேதமாகி, வாங்குபவர் சரக்கை எடுக்காமல் கைவிட்டால், காகிதத்தில் ரிஸ்க் அவருடையது, நஷ்டம் உங்களுடையது. இதற்கென்றே விற்பவரின் நலனுக்கான பாலிசி ஒன்று இருக்கிறது, பிரீமியமும் குறைவு. ஆனால் இப்படி ஒன்று இருப்பதை வாங்குபவரிடம் சொல்லக் கூடாது என்பது பெரும்பாலும் அதன் நிபந்தனை.

ஒருவேளை அவர் பேச்சை மாற்றி ‘நீங்களே இன்சூரன்ஸும் சேர்த்து விலை சொல்லுங்கள்’ என்றால், சி.ஐ.எஃப். என்கிறாரா, சி.ஐ.பி. என்கிறாரா என்று கேளுங்கள். இரண்டுமே சரக்குக் கூலியும் இன்சூரன்ஸும் விலையில் சேர்ந்த விற்பனை நிபந்தனைகள். இந்த நிபந்தனைகளை வரையறுக்கும் சர்வதேச விதித் தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020-ன்படி சி.ஐ.எஃப்.புக்கு குறைந்தபட்சமாக ‘சி’ கிளாஸ் (எந்தெந்தச் சேதத்துக்குப் பணம் என்று சொல்லும் ஷரத்துத் தொகுப்பு) பாலிசி போதும், சி.ஐ.பி.க்கு ‘ஏ’ கிளாஸ் வேண்டும். இரண்டிலும் ஒப்பந்த விலையில் 110 சதவீதத்துக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். இந்த எழுத்து வித்தியாசம் பீங்கானுக்கு எவ்வளவு பெரியது என்பதுதான் அடுத்த விஷயம்.

உலகம் முழுக்கச் சரக்குக் காப்பீட்டில் அதிகம் புழங்குவது லண்டன் சந்தையின் இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸஸ். இப்போதுள்ள பதிப்பு 2009-ன் பதிப்பு. ‘சி’ கிளாஸ் தீ, கப்பல் மூழ்குவது, மோதல், லாரி கவிழ்வது போன்ற பெரிய விபத்துகளுக்கு மட்டும். ‘பி’ அதோடு கடல்நீர் உள்ளே புகுவது, நிலநடுக்கம், ஏற்றி இறக்கும்போது விழுந்து ஒரு பொதி முழுவதுமாக அழிவது போன்றவற்றைச் சேர்க்கும். யாரோ ஒருவர் பெட்டியைத் தொப்பென்று வைத்ததில் உள்ளே நாலு தட்டு உடைந்தால், ‘சி’யிலும் கிடைக்காது, ‘பி’யிலும் கிடைக்காது. உங்கள் 11 பெட்டியும் ஏறக்குறைய இந்த வகைதான். ‘ஏ’ மட்டும்தான் விலக்கில் சொல்லாத எல்லாச் சேதத்துக்கும் பேசும். ஆகவே உங்களுக்கு ‘ஏ’ தவிர வேறு எதுவும் பிரீமியத்துக்குத் தகாது. உள்நாட்டு லாரிப் பயணத்துக்கு அந்தந்த நாட்டில் வேறு பெயரில் கிளாஸ் இருக்கலாம். பெயரை விடுங்கள், ‘கையாளும்போது உடைவதற்கும் பணம் உண்டா?’ என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். சில நிறுவனங்கள் ‘ஏ’ கிளாஸைக் கொடுத்துவிட்டு, கண்ணாடி, பீங்கான் என்றதும் ‘உடைசல் நீங்கலாக’ என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். விலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு அந்த வரியைக் கவனிக்காமல் விட்டவர்கள் அதிகம்.

‘ஏ’யிலும் விலக்குகள் உண்டு. சரக்கின் சொந்த இயல்பால் வரும் சேதம், தாமதத்தால் வரும் நஷ்டம், போர், வேலைநிறுத்தம் (கடைசி இரண்டையும் தனி கிளாஸ் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம்). தாமதம் பற்றி ஒரு வார்த்தை: கண்காட்சிக்குள் சேர வேண்டிய தட்டுகள் கண்காட்சி முடிந்து போய்ச் சேர்ந்தால், சேதம் எதுவும் இல்லாதவரை காப்பீட்டில் பணம் கிடையாது. உங்களை மிகவும் பாதிக்கப்போகும் விலக்கு போதாத பேக்கிங். சாதாரணப் பயணத்தில் வரும் அதிர்ச்சிகளைத் தாங்காத பேக்கிங் என்றால் கிளெய்ம் நிற்காது. 2009 பதிப்பில் இந்த விலக்கைக் கொஞ்சம் சுருக்கினார்கள். காப்பீடு எடுத்தவரோ அவருடைய ஆட்களோ பொதிந்திருந்தால், அல்லது காப்பீட்டுக் காலம் தொடங்கும் முன்பே பொதிந்திருந்தால்தான் அது பொருந்தும். உங்கள் பட்டறையில் பொதிவது நீங்கள்தான், அதனால் அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது.

உடைசல் சர்வேயில் நான் முதலில் பார்ப்பது உடைந்த பொருளை இல்லை, பெட்டியை. குலுக்கினால் உள்ளே சத்தம் வருகிறதா? பொருளுக்கும் வெளிப்பெட்டிச் சுவருக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது மெத்தை இருந்ததா? தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்கினார்களா, நிறுத்தி வைத்தார்களா? தட்டு தட்டையாகப் படுத்தால் மேல் எடை முழுதும் அதன் நடுவில் இறங்கும், நிறுத்தினால் விளிம்பு தாங்கும். அட்டைப்பெட்டியின் வலிமையில் பெரும்பகுதி நான்கு மூலைகளில்தான் இருக்கிறது. மூலை பேலட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்த வலிமை கணிசமாகக் குறைந்துவிடும், மேல் அடுக்கின் பாரம் கீழ் அடுக்கை அமுக்கத் தொடங்கும். ‘உடையும் பொருள்’ என்ற ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு பேக்கிங்கில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். இரவு மூன்று மணிக்குச் சரக்கு மாற்றும் இடத்தில் ஸ்டிக்கரை யார் படிக்கிறார்கள்? சின்னப் பெட்டிக்குள் பொருள், அதைச் சுற்றி மெத்தை, அதற்கு வெளியே இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டி, இப்படிப் பெட்டிக்குள் பெட்டி போடுங்கள். ஐ.எஸ்.டி.ஏ. என்ற அமைப்பு பார்சல்களைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து போட்டும் அதிரவிட்டும் பார்க்கும் சோதனை முறைகளை வகுத்திருக்கிறது. உங்கள் பேக்கிங் ஒருமுறை அதில் தேறிவிட்டால், அந்த அறிக்கை கிளெய்ம் நேரத்தில் என்னைப் போன்றவர்களின் வாயை அடைத்துவிடும். அது முடியாவிட்டால் பொதியும்போது ஒவ்வொரு அனுப்புதலுக்கும் நாலு போட்டோ எடுத்துத் தேதியோடு வையுங்கள்.

கப்பலுக்கு இரண்டு விஷயம் கூடுதல். வெப்பம் மாறும்போது கன்டெய்னரின் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அட்டை நனைந்து தொய்ந்துவிடும். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மரப் பேலட் என்றால், மரத்தின் வழியே பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐ.எஸ்.பி.எம். 15-ன் முத்திரை இருக்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடாக்கிய மரம் என்பதற்கு அது அடையாளம், ரசாயனப் புகையூட்டல் செய்த மரத்துக்கும் அதே முத்திரைதான். முத்திரை இல்லாமல் துறைமுகத்தில் திருப்பி அனுப்பப்பட்டால் அது சரக்குச் சேதம் என்ற கணக்கில் வராது, பாலிசி கை கொடுக்காது.

இனி ஒவ்வொரு பார்சலுக்கும் தனித்தனியாக எடுப்பதா என்ற கேள்வி. மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் மொத்தச் சரக்கு போகிறது என்றால் ஓபன் பாலிசி எடுங்கள். வருடத்துக்கு உத்தேசமாக எவ்வளவு அனுப்புவீர்கள் என்று சொல்லி எடுத்துவிட்டு, போகப்போக ஒவ்வொன்றையும் அறிவிப்பது. ‘ஒவ்வொன்றையும்’ என்றால் நிஜமாகவே ஒவ்வொன்றையும். பக்கத்து ஊர்தானே என்று சிலவற்றை விட்டுவிட்டு, தூரமாகப் போவதை மட்டும் அறிவித்தால் நம்பிக்கை மோசடி என்று பாலிசியையே கேள்வி கேட்பார்கள். ஒரு வண்டிக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு போட்டிருப்பார்கள். சீசனில் மூன்று கடைச் சரக்கும் ஒரே லாரியில் ஏறும் நாளை மனதில் வைத்து அதைச் சொல்லுங்கள். மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பிரீமியம் மிச்சம் பிடிக்க வேண்டாம். 100 மதிப்புள்ள சரக்கை 60 என்று காட்டியிருந்தால், 10-க்குச் சேதம் வந்தால் 6-தான் கிடைக்கும்.

ஏஜென்டுகள் சொல்லாமல் விடுவது ‘எக்ஸஸ்’ பற்றி. அதாவது, ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் பகுதியை நீங்களே ஏற்க வேண்டும். அது கிளெய்ம் தொகையில் இத்தனை சதவீதமா, அந்த அனுப்புதலின் மொத்த மதிப்பில் இத்தனை சதவீதமா என்று கேளுங்கள். மொத்த மதிப்பில் 2 சதவீதம் என்றால், 100 மதிப்புள்ள சரக்கில் 1.5-க்கு உடைந்தால் உங்களுக்கு ஒன்றும் கிடையாது. கிளெய்மில் 2 சதவீதம் என்றால் ஏறக்குறைய முழுதும் கிடைக்கும். பாலிசி அட்டவணையில் இரண்டும் ‘2%’ என்றுதான் தெரியும். உடையும் பொருளுக்கு இந்தச் சதவீதம் எப்படியும் கூடுதலாகத்தான் இருக்கும். அதனால் கணக்கிடும் முறையில் பேரம் பேசுங்கள். இன்னொன்று, ஜோடி அல்லது செட் பற்றிய கிளாஸ். நீங்கள் மூன்று தட்டுகளை ஒரு செட்டாக விற்று அதில் ஒன்று உடைந்தால், அந்த ஒரு தட்டின் பங்கை மட்டும் தருவார்கள், செட் கெட்டுப்போனதற்குத் தனியாகத் தரமாட்டார்கள்.

காப்பீட்டுக் காலம் எப்போது முடிகிறது என்றும் தெரிந்து வையுங்கள். 2009 கிளாஸ்படி, கிடங்கில் வண்டியில் ஏற்றுவதற்காகச் சரக்கை நகர்த்தத் தொடங்கும்போதே ஆரம்பித்து, சேர வேண்டிய இடத்தில் இறக்கி முடிப்பது வரை. கப்பலில் வந்தால் கடைசித் துறைமுகத்தில் இறக்கி 60 நாள் என்ற எல்லையும் உண்டு, எது முன்னே வருகிறதோ அது. நடுவில் கடைக்காரர் ‘இப்போது இடமில்லை, இரண்டு வாரம் உங்கள் குடோனிலேயே இருக்கட்டும்’ என்று லாரிக்காரரிடம் சொல்லி, நீங்களும் சரி என்றால், வழக்கமான பயணம் அங்கேயே முடிந்ததாகக் கொள்வார்கள். அப்படி வைக்க நேர்ந்தால் முன்பே எழுதிச் சொல்லி நீட்டிப்பு வாங்குங்கள்.

எவ்வளவு நல்ல பாலிசி எடுத்தாலும், பாதிக் கிளெய்ம்கள் கெடுவது சரக்கை இறக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். அங்கே நிற்பது நீங்கள் இல்லை, கடையில் வேலை செய்யும் ஒருவர். அதனால் ஒவ்வொரு பெட்டியின் மேலும், அனுப்பும் ரசீதோடும், அவருக்குப் புரியும் மொழியில் நாலு வரி எழுதி அனுப்புங்கள். எண்ணிப் பார்த்து வாங்கவும். நசுங்கல், ஈரம், டேப் மாற்றி ஒட்டிய அடையாளம் இருந்தால் டெலிவரி ரசீதில் எத்தனை பெட்டி என்று குறித்து, டிரைவரையும் கையெழுத்துப் போடச் சொல்லவும். பிரிக்க நேரமில்லை என்றால் ‘பிரித்துப் பார்க்கவில்லை’ என்றாவது எழுதவும். இது முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது, ஆனால் ‘நல்ல நிலையில்’ என்று எழுதுவதைவிட எவ்வளவோ மேல். அன்றைக்கே பிரித்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

சேதம் தெரிந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், சர்வேயர் வரும் வரை எதையும் அப்புறப்படுத்தாதீர்கள், லாரிக்காரருக்கு நான் மேலே சொன்ன கடிதத்தையும் கெடுவுக்குள் கொடுங்கள். இந்தக் கடிதம் கொடுப்பது பாலிசிப்படி உங்கள் கடமை, ஏனென்றால் உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு உங்கள் இடத்தில் நின்று கேரியரிடம் வசூலிக்கும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்கு இருக்கிறது. அதே காரணத்தால், லாரிக்காரர் ‘இந்தச் சின்னத் தொகையை வாங்கிக்கொண்டு, இத்தோடு முடிந்தது என்று கையெழுத்துப் போடுங்கள்’ என்று நீட்டும் காகிதத்தில் பாலிசி இருக்கும்போது ஒருநாளும் கையெழுத்துப் போடாதீர்கள். இப்போதுள்ள உடைசலுக்குப் பாலிசி இல்லை என்பதால் அந்தக் கட்டுப்பாடு உங்களுக்குக் கிடையாது. அவர்கள் தொகையை உயர்த்தினால் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளலாம். நீதிமன்றம் வரை போக 11 பெட்டி தாங்காது.

கப்பலில் அனுப்பும்போது இன்னொரு விஷயம் உண்டு, பல புதியவர்களுக்கு இதைக் கேட்டதும் நம்பவே முடியாது. உங்கள் சரக்குக்கு ஒரு கீறல்கூட இல்லாமலே நீங்கள் பணம் கட்ட வேண்டி வரலாம். கப்பலையும் மொத்தச் சரக்கையும் காப்பாற்றச் செய்த செலவையும் தியாகத்தையும் கப்பல்காரரும் எல்லாச் சரக்குக்காரர்களும் மதிப்பின் விகிதத்தில் பகிர்ந்துகொள்வது கடல் வணிகத்தின் மிகப் பழைய விதி. ஜெனரல் ஆவரேஜ் என்பார்கள், இன்று யார்க்–ஆன்ட்வெர்ப் விதிகள்படி கணக்கிடுகிறார்கள். 2018 மார்ச்சில் அரபிக்கடலில் தீப்பிடித்த மெர்ஸ்க் ஹோனம் கப்பலில், மீட்புச் செலவுக்கு 42.5 சதவீதம், ஜெனரல் ஆவரேஜுக்கு 11.5 சதவீதம் என்று, சரக்கு மதிப்பில் பாதிக்கும் மேல் பிணையாகக் கேட்டார்கள். 2021 மார்ச் 23-ல் சூயஸ் கால்வாயில் தரைதட்டிய எவர் கிவன் கப்பலிலும் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார்கள். 29-ம் தேதியே மிதக்கவிட்டும், இழப்பீட்டுப் பேச்சு முடிந்து ஜூலையில்தான் அது கால்வாயை விட்டுக் கிளம்பியது. பாலிசி உள்ளவருக்குக் காப்பீட்டு நிறுவனம் உத்தரவாதக் கடிதம் கொடுத்துச் சரக்கை விடுவித்துவிடும். இல்லாதவர் ரொக்கம் கட்ட வேண்டும், கணக்கு முடிய வருடக்கணக்கில் ஆகலாம். ‘ஏ’, ‘பி’, ‘சி’ மூன்றிலுமே இதற்குக் காப்பு உண்டு. ‘சி’ கிளாஸுக்கு நான் கொடுக்கும் ஒரே மரியாதை இதனால்தான். உங்கள் எஃப்.ஓ.பி. ஆர்டரில் இந்தச் சுமை வாங்குபவர் மேல் விழும், ஆனால் பணம் வராத நிலையில் அவர் கைகழுவினால் சரக்கை மீட்க நீங்கள்தான் நிற்க வேண்டும்.

மிச்சம் இருப்பது கூரியர் பார்சல்கள். ஒரு விளக்கு, இரண்டு தட்டு என்று போகும் சில்லறைப் பார்சலுக்குத் தனியாகக் காப்பீடு எடுப்பது பெரும்பாலும் வீண் செலவு. எக்ஸஸைக் கழித்தால் கையில் எதுவும் நிற்காது, ஒவ்வொரு கிளெய்முக்கும் காகித வேலை வேறு. போன ஒரு வருடத்தில் கூரியரில் உடைந்ததன் மொத்தத்தை விற்பனையோடு ஒப்பிட்டு ஒரு சதவீதம் எடுங்கள். அதை விலையில் சேர்த்து ஒதுக்கி வைத்து, உடைந்தால் கேள்வி கேட்காமல் மாற்றுப் பொருள் அனுப்பிவிடுங்கள். நுகர்வோருக்கு நேரடியாக விற்கும்போது, பொருள் அவர் கைக்குப் போகும் வரை ரிஸ்க் விற்பவருடையது என்றுதான் பல நாடுகளின் சட்டமும் சொல்கிறது, அதனால் அவரிடம் வாதாடியும் பயனில்லை. தனியாக ஒரே ஒரு விலையுயர்ந்த வேலைப்பாடு கூரியரில் போகும்போது மட்டும் பாலிசியைத் தேடுங்கள். அப்போதும் கூரியரின் ‘அனுமதிக்கப்படாத பொருட்கள்’ பட்டியலை முதலில் பாருங்கள். கலைப்பொருள், பீங்கான், கண்ணாடி ஆகியவற்றை எடுத்துக்கொள்வார்கள், கூடுதல் கட்டணமும் வாங்குவார்கள், ஆனால் உடைசலுக்கு மட்டும் பொறுப்பில்லை என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கும் நிறுவனங்கள் உண்டு. ஓபன் பாலிசி எடுக்கும்போது ‘கூரியர் வழியாக’ என்ற சொல்லும், ஒரு பார்சலுக்கு எவ்வளவு வரை என்ற எண்ணும் அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஒற்றைப் பார்சலுக்குப் புறப்படும் முன் தனியாக எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.